நாய் கடித்த டயரும் நாற்றங்கால் கணக்கும்

“என்ன தம்பி, நாய் கடித்துவிட்டதா?”

வேலூர் சத்துவாச்சாரியில் நான் வழக்கமாகப் போகும் டயர் கடை பாய் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடப்பக்க முன் டயரின் வெளி ஓரத்தில் இருந்த பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், கட்டைவிரல் நக அளவுக்குத் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தன. நடுப்பகுதியைப் பார்த்தால் டயர் புத்தம் புதியது. வாங்கி நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அது செய்த ஒரே பாவம், முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இருபத்தாறு சுற்று ஓடியதுதான்.

அந்த டயரை நான் தேடித் தேடி வாங்கியிருந்தேன். நீண்ட நாள் உழைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பக்கச் சுவரில் ‘டிரெட்வேர் 420’ என்று அச்சாகியிருந்தது. இந்த எண் பெரிதாக இருந்தால் தேய்மானம் குறைவு என்று படித்திருந்தேன். தடத்தில் டயர் சீக்கிரம் தேயும், ஆகவே தேயாத டயராகப் பார்த்து வாங்கினால் காசு மிச்சம் என்று மனக்கணக்கு போட்டேன். 420 என்ற எண்ணுக்கு நம் ஊரில் வேறொரு பொருளும் உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் ஆம்பூரில் ஒரு காலணி ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷூவின் அடிப்பாக ரப்பரை வளைத்தும் தேய்த்தும் குத்தியும் பார்ப்பதுதான் தினசரி வேலை. ரப்பரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற திமிர் உள்ளுக்குள் இருந்தது. கார் ஒரு பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, டயர் அளவு 185/65 ஆர் 15. எஞ்சினில் கைவைத்ததில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, காசு கட்டினால் பொதுமக்களும் ஓட்டலாம் என்று தடத்தைத் திறந்துவிடும் நாட்களில் போய் ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்பும் வகை ஆசாமி நான்.

இருங்காட்டுக்கோட்டை வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடிகளைத் தாண்டினால் வந்துவிடும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம், 1990இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். அதற்கு முன் பந்தயமெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தது. பாய் இளவயதில் அதைப் பார்க்க லாரி ஏறிப் போனவர். அந்தக் கதையை ஆரம்பித்தால் பஞ்சர் ஒட்டுவது நின்றுவிடும்.

பாய் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. முதலில் அந்த 420 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். அமெரிக்க அரசின் விதிப்படி டயர் நிறுவனங்கள் தாமே போட்டுக்கொள்ளும் எண் அது. டெக்சஸ் மாநிலத்தில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றி ஏறத்தாழ 640 கிலோமீட்டர் பொதுச்சாலை ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் சாதாரண கார்களை 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை அளக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் 400ஐ இன்னொரு நிறுவனத்தின் 400க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், அது நெடுஞ்சாலைத் தேய்மானம். பிரேக்கை மிதித்து, வளைவில் காரின் பாரம் முழுவதையும் ஒரே டயரின் ஓரத்தில் சாய்த்து, பதினைந்து நிமிடம் விடாமல் வறுத்தெடுக்கும் வேலைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

அதே வரியில் பக்கத்திலேயே இன்னோர் எழுத்து இருந்தது, நான் கவனிக்கவில்லை. வெப்பத் தரம்: ஏ, பி, சி. ஏ என்றால் மணிக்கு 185 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தின் சூட்டையும் ஆய்வகச் சக்கரத்தில் தாங்கியது என்று பொருள். என்னுடையது பி. டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் வேக எழுத்தும் அப்படியே. டி என்றால் 190, ஹெச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர். என் ஸ்விஃப்ட் 240ஐக் கனவிலும் தொடாது. ஆனாலும் வி எழுத்துள்ள டயரின் உள்கட்டுமானம் அந்தச் சூட்டுக்கென்றே செய்யப்பட்டது. தடத்துக்கு டயர் தேடுபவர் இந்த இரண்டு எழுத்துகளையும் பார்த்த பிறகு டிரெட்வேர் எண்ணைப் பார்த்தால் போதும். நம் சந்தைக்கென்றே செய்யும் டயர்கள் பலவற்றில் டிரெட்வேர் எண் இருக்காது, வேக எழுத்து கட்டாயம் இருக்கும்.

டயர் ஏன் பிய்ந்தது? புது டயரில் பட்டன் ஆழம் சுமார் எட்டு மில்லிமீட்டர். பள்ளிக்கூட ரப்பரை நிமிர்த்தி வைத்து மேசையில் அழுத்தித் தள்ளிப்பாருங்கள், அடி நிற்கும், மேல்பாதி வளையும். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பட்டனும் அப்படித்தான் வளைந்து நிமிர்கிறது. வளைந்து நிமிரும் ரப்பர் உள்ளேயே சூடாகும். உயரமான பட்டன் அதிகம் வளையும், அதிகம் சூடாகும், அந்தச் சூடு வெளியேறவும் வழி குறைவு. வேரில் வெந்து, துண்டாகப் பெயர்ந்துவிடுகிறது. ஷூ அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் வைத்தால் நுனி கிழியும் என்று வாரம் ஒரு முறை வடிவமைப்பாளரிடம் சண்டை போடுகிறவன் நான். அதே ரப்பர்தான் என் காரிலும் ஓடுகிறது என்று தோன்றவில்லை பாருங்கள்.

கடினம் உதவவில்லை என்று தெரிந்ததும் எதிர்த்திசையில் ஓடினேன். அரை ஸ்லிக் எனப்படும் வகை, பட்டன் குறைவாகவும் ரப்பர் மென்மையாகவும் இருக்கும் டயர். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, நம் சிறிய கார் அளவுகளில் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனவே வேறு ஊரில் ஒருவரிடமிருந்து பழையதாக நான்கு வாங்கினேன், பதினாறாயிரம் ரூபாய். பட்டன் நன்றாக இருந்தது. கொஞ்சம்தான் ஓடியது என்றார். அதில் பொய் இல்லை, நிழலில் வைத்தே ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016இன் இருபத்து மூன்றாவது வாரம். நான் பணத்தைக் கொடுத்து, வண்டியில் ஏற்றி, வீட்டுக்கு வந்து, கழுவும்போதுதான் பார்த்தேன். மறுநாள் ஆலையிலிருந்து டியூரோமீட்டரை எடுத்துவந்து குத்தினேன். ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் காட்டும், உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. சாலை டயர் பொதுவாக 60இலிருந்து 70க்குள் இருக்கும், இது போன்ற மென்மையான டயர் அதற்குக் கீழே இருக்க வேண்டும். முள் 78இல் நின்றது. தடத்தில் அந்த டயர்கள் தேயவே இல்லை, வழுக்கின. பட்டன் மிச்சமிருப்பதும் பிடிப்பு மிச்சமிருப்பதும் வேறு வேறு என்பதற்குப் பதினாறாயிரம் ரூபாய் கட்டணம் கட்டினேன். வருகிற வழியில் வாலாஜாவுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. பள்ளமில்லாத அந்த டயர் தண்ணீர்மேல் ஏறி மிதந்தபோது ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போல் லேசானது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டு கடக்க, சாலையின் இடது ஓரமாகவே வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி அன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

டியூரோமீட்டர் வாங்க விரும்பினால் ஒரு வார்த்தை: ஒரே டயரை ஒரே சூட்டில், நிழலில் வைத்து அளந்தால்தான் ஒப்பிட முடியும். வெயிலில் நின்ற டயர் தன்னை இளமையாகக் காட்டிக்கொள்ளும். வேலூரில் மே மாதம் எந்தப் பொருளுமே அப்படித்தான்.

வழி காட்டியது பாய்தான், அதுவும் தற்செயலாக. என் வீட்டுக் காரியங்களுக்கு ஓடிய இன்னொரு செட் டயரைப் பார்த்துவிட்டு, “இது பாதி தேய்ந்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கு இன்னும் ஒரு வருடம் வரும். அங்கே கொண்டுபோய்க் கிழித்துவிடாதீர்கள்” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றபோது அந்தச் சொல் வேறு விதமாகத் திரும்பி வந்தது. பாதி தேய்ந்த பட்டன் குட்டையானது. குட்டையான பட்டன் குறைவாக வளையும், குறைவாகச் சூடாகும். என்றால் கிழியாது. டயர் புதிதாக இருக்கும்போது சாலையில் ஓட்டி, பாதி தேய்ந்த பிறகு தடத்துக்கு அனுப்பினால் என்ன?

அன்றிலிருந்து நெடுஞ்சாலைதான் என் நாற்றங்கால். நடுத்தர விலையில், வி எழுத்து உள்ள, நன்கு அறியப்பட்ட நிறுவனத்தின் சாதாரணச் சாலை டயர் நான்கு வாங்குகிறேன். விலை உயர்ந்ததும் வேண்டாம், மைலேஜ் தரும் என்று விற்கப்படுவதும் வேண்டாம். உருளும்போது ஆற்றலைக் குறைவாக விழுங்கும்படி செய்த ரப்பர், சாலையைப் பிடிக்கும் வேலையிலும் பெரும்பாலும் கஞ்சத்தனம் காட்டும். தயாரிப்பு வாரம் பார்க்காமல் கடையை விட்டு எடுப்பதில்லை. நம் பக்கம் இதில் ஒரு வசதி, அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரிலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் டயர் ஆலைகள் உண்டு. மூன்று வாரமே ஆன டயரைப் பாய் எனக்கு எடுத்துத் தந்திருக்கிறார்.

எட்டு மில்லிமீட்டரிலிருந்து ஐந்து வரை அது ஆம்பூருக்கும் மாமனார் வீட்டுக்கும் ஓடும். ஐந்துக்கு வந்ததும் பழையதாக வாங்கி வைத்திருக்கும் ஸ்டீல் டிஸ்க் நான்கில் மாட்டித் தடத்துக்கு ஒதுக்கிவிடுவேன். காரில் அடுத்த புது செட் ஏறும். பின் இருக்கையை மடித்தால் நான்கு சக்கரமும் ஒரு ஜாக்கியும் ஸ்விஃப்டில் அடங்கிவிடும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன், தடத்து டயரில் சாலையில் ஒரு கிலோமீட்டரும் போவதில்லை. வாலாஜா மழை இன்னும் மறக்கவில்லை.

கணக்கு இது. முதல் முறை முன் டயர் இரண்டு பாழ், 10,400 ரூபாய். ஓடியது இருபத்தாறு சுற்று. சுற்றுக்கு 400 ரூபாய். இப்போதைய செட் 25,600 ரூபாய். எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மில்லிமீட்டர் என் சொத்து. அதில் பாதியைச் சாலை தின்றது, 22,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு. மீதிப் பாதியின் விலை 12,800. தடத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது சுற்று, ஆக நூற்றைம்பது. சுற்றுக்கு 85 ரூபாய். நான் வேகமாக ஓடுகிறேனா? நண்பர்களின் அரை ஸ்லிக் கார்கள் சுற்றுக்குப் பல வினாடி முன்னால் போகின்றன. போகட்டும். கோப்பை எதுவும் கொடுப்பதில்லை.

85 ரூபாய்க்கு வந்ததில் டயர் தேர்வின் பங்கு பாதிதான். மறுபாதி காற்று. ஒரு கட்டத்தில் காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைக் காலையில் நிரப்பிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினேன். டயருக்குள் காற்றின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றை அளக்கும் அலகு) கூடும். விடியற்காலை 25 டிகிரியில் 30 வைத்த டயர், ஐந்து சுற்று விரட்டிய பிறகு 37ஐத் தொட்டது. அப்போது டயர் நடுவில் பானை வயிறு போல் புடைத்து, நடுப்பட்டை மட்டும் தேயும். அதற்காக மிகவும் குறைத்தால் வளைவில் டயர் மடிந்து பக்கச் சுவர் வரை தரையில் உரசும். என் முதல் டயரின் ஓரம் போனதில் இதற்கும் பங்கு உண்டு. யாரோ சொன்னதைக் கேட்டு 25 வைத்திருந்தேன்.

இப்போது செய்வது இது. நல்ல அழுத்தமானி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். ஒரு பெட்ரோல் பங்கில் உள்ளதோடு ஒப்பிட்டபோது மூன்று பி.எஸ்.ஐ. வேறுபட்டது. காலையில் முன் டயருக்கு 29 வைப்பேன். நான்கு சுற்று ஓடி உள்ளே வந்ததும், டயர் ஆறும் முன், நிற்கிற நிலையிலேயே அளந்து, 35க்கு மேல் இருப்பதை வெளியேற்றுவேன். மாலையில் புறப்படும் முன் மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது. ஆறிய பிறகு அது 27க்கும் கீழே போய்விடும். 35 என் காருக்கு, என் எடைக்கு, இந்த டயருக்கு. உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய்ச் சுண்ணக்கட்டி போதும். டயரின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர் வரை கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். பக்கச் சுவரின் மேல் விளிம்பில் பல டயர்களில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். கோடு அதன் முனை வரை அழிந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்தால் காற்று போதாது, குறி பக்கமே வராவிட்டால் காற்று அதிகம்.

வீல் அலைன்மென்ட் பற்றிச் சுருக்கமாக. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன் சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்கும், வளைவில் கார் சாயும்போது வெளி ஓரத்தின் மேல் விழும். குதிகாலின் வெளிப்புறம் தேயும்படி நடப்பவரின் செருப்பைப் பாருங்கள், அதேதான். சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உட்புறம் சாய்க்கும் போல்ட் கிடைக்கிறது. ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக வைத்திருக்கிறேன். டோ எனப்படும் திசைக்கோணத்தைச் சுழியத்தில் வைக்கச் சொல்லுங்கள், அது தப்பினால் நெடுஞ்சாலையிலேயே டயர் தேய்ந்துவிடும்.

முன் சக்கரத்தால் இழுக்கும் காரில் முன் டயர் பின் டயரைவிட மிக வேகமாகத் தேய்கிறது, அதிலும் வலப்பக்க வளைவுகள் மிகுந்த தடத்தில் இடப்பக்கம் முதலில் போகும். மதிய உணவு இடைவேளையில் முன்னதைப் பின்னால் மாற்றிவிடுவேன். இதோடு ஒரு தந்திரமும் உண்டு. திசை அம்புக்குறியும், உட்புறம் வெளிப்புறம் என்ற குறிப்பும் இல்லாத சமச்சீர்ப் பட்டன் டயர் வாங்கினால், டிஸ்கிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டலாம். தேய்ந்த வெளி ஓரம் உள்ளே போய், தேயாத ஓரம் வெளியே வரும். பாய் ஒரு டயருக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, “சட்டையைப் புரட்டித் தைக்கிறீர்களா தம்பி” என்று கேட்டுக்கொண்டே செய்து தருகிறார். பழைய காலத்தில் காலர் தேய்ந்தால் அப்படிச் செய்வார்களாம்.

கடைசியில் கை. இது எனக்குப் பிடிக்காத பகுதி. ஒருமுறை அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டு சுற்று வந்தார். டயர் கிறீச்சிடும் ஒலி எனக்கு வேகத்தின் ஒலியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர், “அது காசு எரியும் ஒலி” என்றார். வளைவுக்குள் வேகமாகப் புகுந்து, கார் திரும்பாதபோது இன்னும் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தேன். முன் டயர் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்ந்துகொண்டிருந்தது. முன்னதாகவே பிரேக் பிடித்து, மெதுவாக நுழைந்து, ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டே வெளியேறச் சொன்னார். சொன்னபடி செய்ததில் சுற்று நேரம் இரண்டு வினாடி குறைந்தது, ஒலியும் அடங்கியது. இப்போது ஐந்து சுற்றுக்கு மேல் தொடர்ந்து விரட்டுவதில்லை, கடைசிச் சுற்று ஆற விடும் சுற்று. நின்ற பிறகு கைப்பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறேன். பிரேக் சூடு ஒரே இடத்தில் தேங்காமல் இருக்கும்.

செலவுக் கணக்கில் சேராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீட்டுப் பாலிசிகள் பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. பாலிசித் தாளில் சிறிய எழுத்தில் இருக்கிறது. டயரில் மிச்சம் பிடித்து முன்பக்கத்தை இழந்தால் நாம்தான் கட்ட வேண்டும். பந்தயத்தில் ஓடிக் கழற்றிய, பட்டனே இல்லாத ஸ்லிக் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்தால் எடுக்காதீர்கள். அளவு பொருந்தாது, எத்தனை முறை வெந்து ஆறியதென்று எண்ண முடியாது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் ரப்பர் சற்று இறுகும்.

நேற்று மறுபடியும் பாய் கடைக்குப் போனேன். இடப்பக்க முன் டயர் 3.1 மில்லிமீட்டர், ஓரம் முழுசாக இருக்கிறது. அளந்து எழுதிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் கவனித்தேன். கடை முன் வேப்பமரத்தில் அவர் கட்டித் தொங்கவிட்டிருக்கும் டயர் என்னுடைய பழைய 420. வெள்ளைப் பெயிண்டில் ‘பஞ்சர்’ என்று எழுதியிருந்தார். கடிபட்ட பக்கம் மரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.